உண்ணிக் கடியும் காய்ச்சலும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

என் மச்சானுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலை வயநாட்டில் ஒரு காபி எஸ்டேட்டில். 2015-இல் அங்கே குரங்குக் காய்ச்சல் (உண்ணி கடித்து வருகிற ஒரு வைரஸ் காய்ச்சல்) பரவியபோது அவருக்கும் வந்துவிட்டது. திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கண்ணெல்லாம் சிவப்பு. காய்ச்சல் விட்டதும் ஊருக்குக் கிளம்பி வருகிறேன் என்று போன் பண்ணினார், அப்புறம் பார்த்தால் மறுபடியும் காய்ச்சல், இந்தத் தடவை கை நடுக்கமும் பேச்சுக் குழறலும் சேர்ந்துகொண்டது. சிலருக்கு இப்படி இரண்டாவது சுற்று வந்து மூளையைப் பாதிக்குமாம். இந்த வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏற்றி, ரத்தக்கசிவு வருகிறதா என்று கூடவே இருந்து பார்க்க வேண்டியதுதான். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறந்துபோகிற நோய், அவர் பிழைத்தது பெரிய விஷயம்.

1957-இல் கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோதுதான் இதைக் கண்டுபிடித்தார்கள். செத்த குரங்கை விட்டு உண்ணிகள் இறங்கிச் சருகில் கிடக்கும், விறகுக்கும் மாடு மேய்க்கவும் போகிறவர்கள் காலில் ஏறும். அதுவும் எள்ளளவு குட்டி உண்ணி, டிசம்பர் முதல் மே வரை அதிகம். ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குத் தொற்றாது. நீலகிரியிலும் செத்த குரங்குகளிடம் இந்த வைரஸ் இருந்திருக்கிறது, அதே மலைத்தொடர்தானே பாபநாசம் வரைக்கும் வருகிறது. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் தயவுசெய்து தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

———

அண்ணாச்சி, நான் களக்காடு. எங்கள் அத்தைக்கு வந்தது வைரஸ் இல்லை, ஸ்க்ரப் டைபஸ். வாழைத்தோட்டத்தில் களை எடுக்கப் போய் வந்த பிறகு அவர்களுக்குக் காய்ச்சல். முதலில் பார்த்த இடத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் பார்த்த டாக்டரம்மா உடம்பு முழுக்கத் தேடினார்கள், அக்குளில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது. அது பாக்டீரியா, உண்ணியைவிடப் பொடிசான ஒரு பூச்சி கடித்து வருவது, அதனால் மருந்து கேட்கிறது. மருந்துள்ள நோய்க்கே நாள் கடந்தால் உயிர் போய்விடும், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தோட்டம், காடு, கிடை எங்கே போய் வந்தீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைக்காட்டில் இருக்கிற சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் பிள்ளைகளுக்கு அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் தினமும் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் வைக்காதீர்கள், நசுக்காதீர்கள், சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.