வெள்ளிக்கிழமை விருந்துக்கு எத்தியோப்பியப் பிள்ளைகள் வருகிறார்கள், என்ன சமைக்கலாம்?

பாளையங்கோட்டைக்காரி:
எங்கள் வீட்டு மாடியில் எத்தியோப்பியாவில் இருந்து படிக்க வந்த இரண்டு பெண்பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். அன்றைக்கு விரதம் என்று தயங்கினார்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். நாங்கள் சி.எஸ்.ஐ., ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் மட்டும்தான் கறி, மீனை நிறுத்துவோம். நெய்ச்சோறு, தயிர்ப் பச்சடி, அல்வா என்று வைத்தால் சரியாக இருக்குமா? இவ்வளவு தூரம் வந்திருக்கிற பிள்ளைகள் மனம் நோகக் கூடாது.

அம்பை வாத்தியார்:
நெய்யும் தயிரும் ஆகாது தங்கச்சி. அல்வாவும் வேண்டாம், அது நெய்யில்தானே நிற்கிறது. நான் எத்தியோப்பியாவில் கோந்தர் ஊர்க் கல்லூரியில் பாடம் எடுத்தவன். புதனும் வெள்ளியும் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடமாட்டார்கள். யூதாஸ் காட்டிக்கொடுக்க ஒத்துக்கொண்டது புதன், இயேசு சிலுவையில் மரித்தது வெள்ளி, அதனால். ஈஸ்டரை அடுத்த 50 நாள் மட்டும் விலக்கு உண்டு. ஈஸ்டருக்கு முன்னால் 55 நாளும் தொடர்ந்து இதே கட்டுதான். என்னோடு வேலை பார்த்தவர்கள் வகுப்பெடுத்துக்கொண்டே பிற்பகல் மூன்று மணி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த ஜனங்கள்மேல் பெரிய மரியாதை.

நீங்கள் சொதி வையுங்கள். பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு. எண்ணெயில் தாளித்தால் போதும். தொட்டுக்கொள்ளத் தயிர் சேர்க்காத இஞ்சிப் பச்சடி. நம் ஊர் மறுவீட்டுச் சாப்பாடான இந்தச் சொதி அவர்கள் விரதத்துக்கென்றே செய்தது போல இருக்கும். அங்கே விரத நாளில் இன்ஜெரா என்ற புளித்த மாவுத் தோசைமேல் மிளகாய்ப்பொடி போட்ட பருப்பு, கடலைமாவில் செய்த ஷிரோ, கீரை எல்லாம் வைத்து ஒரே தட்டில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு கவளம் சுருட்டி உங்கள் வாய்க்கு நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் குர்ஷா என்று பேர், பிரியத்தில் ஊட்டுவது. சாப்பாட்டை மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

மேலப்பாளையத்தான்:
வாத்தியார் சொன்னது சரி. ஆனால் எத்தியோப்பியர் என்றாலே ஆர்த்தடாக்ஸ் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 43 பேர் ஆர்த்தடாக்ஸ், 34 பேர் முஸ்லிம்கள். நபிகளின் தோழர்கள் மக்காவில் துன்பப்பட்டபோது அடைக்கலம் கொடுத்தது அந்த நாட்டுக் கிறிஸ்தவ அரசர்தான். நாங்கள் நஜ்ஜாஷி என்போம். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை, அதனால் அந்த நாட்டின்மேல் எனக்குத் தனிப் பாசம். இன்னொன்று, அங்கே ஒரு மதத்தார் அறுத்த இறைச்சியை மற்றவர் பொதுவாகச் சாப்பிடுவதில்லை. அடுத்த முறை வேறு பிள்ளைகளும் சேர்ந்து வந்தால் சைவமே நல்லது.

பாளையங்கோட்டைக்காரி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. மூன்றரைக்கு வரச் சொல்லிவிட்டேன், சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். பால் இல்லாமல் கருப்பட்டிக் காப்பி கொடுக்கலாம்தானே? மறுநாள் எங்கேயாவது கூட்டிப்போகவும் ஆசை.

அம்பை வாத்தியார்:
தாராளமாகக் கொடுங்கள். ஒரு தம்ளரோடு நிறுத்தாதீர்கள், அவர்கள் வழக்கம் மூன்று சுற்று. மறுநாள் கழுகுமலை வெட்டுவான் கோவிலுக்குக் கூட்டிப்போங்கள். எத்தியோப்பியாவில் லாலிபெலா என்ற ஊரில் 11 தேவாலயங்களைப் பாறையிலேயே குடைந்திருக்கிறார்கள், இன்றும் வழிபாடு நடக்கிறது. வெட்டுவான் கோவிலும் அப்படி மேலிருந்து கீழாக ஒரே பாறையில் செதுக்கியதுதான். காலை ஒன்பதுக்குள் மலை ஏறிவிடுங்கள், அதற்கு மேல் பாறை சுடும்.