தொட்டியில் தண்ணீர் சுத்தமாம், எங்கள் தெருவில் மட்டும் ஏன் வயிற்றுப்போக்கு?

கடைசிவீட்டுக்காரி:
எங்கள் தெருவில் 14 வீடுகள். செவ்வாய் முதல் 8 வீடுகளில் வாந்தி, பேதி. என் இளையவனுக்கு 6 வயது. ஒரே இரவில் 11 முறை போனான். விடிவதற்குள் கண் குழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலை 5.30க்கு, முக்கால் மணி நேரம்தான் தண்ணீர். திங்கட்கிழமை பிடித்த முதல் குடம் கலங்கலாக வந்தது. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். புகார் கொடுத்த பிறகு மேல்நிலைத் தொட்டியில் மாதிரி எடுத்துப் பார்த்து, "குளோரின் சரியாக இருக்கிறது, வெளியில் எதையோ சாப்பிட்டிருப்பீர்கள்" என்றார்கள். 8 வீடும் ஒரே கடையிலா சாப்பிட்டோம்? ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடியை டம்ளருக்கு ஒரு பொட்டலம் கரைத்துக் கொடுக்கிறேன், குடிக்க மாட்டேன் என்கிறான்.

முன்னாள் நர்ஸ்:
முதலில் அந்த டம்ளரைக் கொட்டுங்கள். பொட்டலத்தின் பின்புறம் 20.5 கிராம் என்று போட்டிருந்தால் அது முழு ஒரு லிட்டருக்கு. டம்ளரில் கரைத்தால் ஐந்து மடங்கு உப்பு. அவன் குடிக்க மறுத்ததே நல்லது. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது, குழப்பம் அதனால்தான் வருகிறது. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. கஞ்சி, இட்லி எதையும் நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் கேட்டுத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் 14 நாள், பேதி நின்ற பிறகும். சிறுநீர் போகாமல் துவண்டு கிடந்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ காத்திருக்காதீர்கள்.

வால்வுசாவி:
அம்மா, 31 ஆண்டு தெருத்தெருவாக வால்வு திறந்து மூடியவன் நான். தொட்டியைச் சோதித்து என்ன பயன்? முக்கால் மணி நேரம் போக மீதி 47 மணி நேரம் உங்கள் குழாய் காலி. சாக்கடைக்கு அடியில் போகும் இரும்புக் குழாயில் ஊசித்துளை விழுந்திருந்தால், தண்ணீர் வரும்போது வெளியே கசியும், நின்றதும் சாக்கடை உள்ளே இறங்கும். போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுகிறோம். மோட்டாருக்குக் குடிநீர், சாக்கடை என்ற பேதம் தெரியாது. உங்கள் வீட்டிலும் மோட்டார் உண்டுதானே? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாதிரியை உங்கள் வீட்டுக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். அங்கேயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். ஆர்த்தோடொலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் காட்டும். தொட்டியில் மஞ்சள், உங்கள் வீட்டில் நிறமே இல்லை என்றால் நடுவழியில் சாக்கடை குளோரினைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். எந்தெந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை? கதவு எண்ணோடு எழுதுங்கள்.

கடைசிவீட்டுக்காரி:
மோட்டார் உண்டு ஐயா. கடைசி வீடு, அது இல்லாவிட்டால் சொட்டுகூட ஏறாது. 1 முதல் 5 வரை யாருக்கும் ஒன்றுமில்லை. 6 முதல் 14 வரை எல்லா வீட்டிலும், 10ஆம் எண் ஆச்சியைத் தவிர. அவர் முதல் நான்கு குடத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் பிடிப்பார், அதையும் கொதிக்க வைத்தே குடிப்பார். இத்தனை நாள் சிரித்தோம்.

வால்வுசாவி:
5க்கும் 6க்கும் நடுவில் தோண்டச் சொல்லுங்கள்.

குளிர்தேசத்தான்:
24 மணி நேரமும் தண்ணீர் வரும் ஊருக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. பின்லாந்தில் நோக்கியா என்று ஒரு நகரம், கைப்பேசிக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். 2007 நவம்பரில் கழிவுநீர் நிலையத்தில் இருக்கவே கூடாத ஓர் இணைப்பு. அதன் வால்வைத் திறந்துவிட்டார்கள். சுத்திகரித்த கழிவுநீர் சுமார் நாலரை லட்சம் லிட்டர் குடிநீர்க் குழாய்க்குள் போனது. 30,000 பேர் உள்ள ஊரில் 8,000க்கும் மேற்பட்டோருக்கு நோய். குழாய்களைக் கழுவி முடித்து, கொதிக்க வைக்காமல் குடிக்கலாம் என்று சொல்ல மறு ஆண்டு பிப்ரவரி ஆயிற்று. உங்கள் தெருவில் அடைப்பு போட்ட மறுநாளே குடித்துவிடாதீர்கள்.

கடைசிவீட்டுக்காரி:
சனிக்கிழமை தோண்டினார்கள். 6ஆம் எண் வாசல் சாக்கடைக்கு அடியில் குழாயைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப் கட்டியிருந்தது. எப்போது, யார் கட்டியதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவிழ்த்ததும் கறுப்பாக வடிந்தது. மூன்று முழம் குழாய் மாற்றிவிட்டார்கள். பையன் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டான்.

மோட்டாரைக் கழற்றலாம் என்று கூடிப் பேசினோம். 9 பேர் சரி என்றார்கள். 6ஆம் எண்காரர், "மற்றவர்கள் கழற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார். நானும் இன்னும் கழற்றவில்லை.