சொந்தக் கணினியில் இருக்கும் கருவியா, சந்தாவில் ஓடும் கருவியா?

வேளிமலை (தக்கலை):

இணையதளம் அமைப்பவர்களும் அச்சு வடிவமைப்பவர்களும் தமக்குப் பிடித்த கருவிகளைச் சொல்லும்போது வேகம், அழகு, விலை ஆகிய மூன்றைத்தான் பேசுகிறார்கள். ஒரு கருவியில் செய்த வேலையை இருபது ஆண்டுகள் கழித்துத் திறக்க முடியுமா என்று நான் முதலில் கேட்கிறேன். கோயில் கொடை அழைப்பிதழ், ஆலயத் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர் என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதி அச்சகங்களில் அந்தக் காலத்தில் பக்கம் கட்டியவற்றில் பல பேஜ்மேக்கரில் செய்தவை. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. அதில் பயன்பட்ட தமிழ் எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஊர் வரலாறும் பங்குத்தந்தையின் வாழ்த்துரையும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும்.

ஆகவே நிரல் எழுத விஎஸ் கோட், கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பேண கிட், படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் கட்ட ஸ்கிரைபஸ், அன்றாடக் குறிப்புகளுக்கு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் எழுதிய வெறும் உரைக் கோப்பு என்பதே என் தேர்வு. வேலை முழுவதும் உலாவி வழியே வேறொருவர் சேவையகத்தில் கிடப்பதை நான் ஏற்கவில்லை.

குளச்சல் கரை:

வேளிமலை அண்ணனின் கவலையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. நம் மாவட்டத்தில் இணையதளம் கேட்டு வருபவர்களில் பலர் வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள். ஊரில் கட்டிய தங்கும் விடுதிக்கோ மார்த்தாண்டம் தேன் விற்பனைக்கோ பக்கம் கேட்பவர், இரவுப் பணி முடிந்து உலாவியில் ஓடும் வடிவமைப்புக் கருவியான ஃபிக்மாவின் இணைப்பைத் தன் கைப்பேசியில் திறந்து, இந்தப் பொத்தானைக் கீழே இறக்குங்கள் என்று அந்த இடத்திலேயே குறித்துவிடுகிறார். இங்க்ஸ்கேப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் அவர் எதைக் கொண்டு திறப்பார்?

அச்சுக்கு வந்தாலும் நிலைமை அதுதான். ஆஃப்செட் அச்சுக்கு நான்கு வண்ணப் பிரிப்பு வேண்டும். இங்க்ஸ்கேப் திரைக்குரிய மூவண்ண முறையில்தான் வேலை செய்கிறது. அச்சகத்தார் கோரல்டிரா கோப்பு கேட்கும்போது கொள்கை பேசிக்கொண்டிருந்தால் வேலை அடுத்த கடைக்குப் போய்விடும்.

சொந்தக் கணினியில் இருந்தால் பத்திரம் என்பதையும் நான் மறுக்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கூரை ஒழுகிய வீட்டில் இருந்த வன்தட்டைவிட, தொலைவில் இருந்த சேவையகம்தானே பாதுகாப்பானது?

வேளிமலை:

ஒக்கியை நினைவூட்டியது நல்லதே, ஏனெனில் அந்த நாள்களில் கைப்பேசித் தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போயிருந்தது. சேவையகம் பத்திரமாக இருந்தும் அதை எட்ட வழியில்லை. கிட்டில் ஒவ்வொரு பிரதியும் முழு வரலாற்றையும் சுமப்பதால், என் கணினியில் ஒன்று, நண்பர் வீட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் எது போனாலும் மற்றது நிற்கும். அந்த கிட் பிறந்த காரணமே என் வாதத்துக்குச் சான்று. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை எழுதியவர்கள், ஒரு நிறுவனத்துக்கு உரிமையான பிட்கீப்பர் என்ற கருவியைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தார்கள். 2005இல் அந்தச் சலுகை திரும்பப் பெறப்பட்டதும் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். எல்லாருக்கும் அப்படி ஒரு டோர்வால்ட்ஸ் கிடைக்கமாட்டார்.

ஃபிக்மாவையே பாருங்கள். அதை 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி நிறுவனம் 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டன் போட்டி ஆணையங்கள் ஆட்சேபித்தபின் 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அந்தப் பதினைந்து மாதமும் தங்கள் கோப்புகள் யார் கைக்குப் போகும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் வடிவமைப்பாளர்கள் இருக்கவில்லை.

நான்கு வண்ணப் பிரிப்பை ஸ்கிரைபஸ் நெடுங்காலமாகவே செய்கிறது. 2024 ஜனவரியில் வந்த அதன் 1.6 நிலைப் பதிப்பில் தமிழின் கொம்பும் காலும் இடம் பிசகாமல் அமைகின்றன. அதிலிருந்து எடுத்த பிடிஎஃப் கோப்பு அச்சகத்துக்குப் போதுமானது.

குளச்சல் கரை:

விஎஸ் கோட் மைக்ரோசாஃப்ட்டின் பொருள்தானே அண்ணன்? பலர் கிட் பிரதியை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தையும் 2018இல் அதே நிறுவனம்தான் வாங்கியது. கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் என்ற எழுதுகருவி 2022 டிசம்பரில் மூடப்பட்டது. மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லையே?

தோவாளைப் பூ:

ஆட்டம் மூடப்பட்டபோது அதில் எழுதியிருந்த ஒரு வரியையும் யாரும் இழக்கவில்லை, குளச்சல் அண்ணன். அவை வெறும் உரைக் கோப்புகள். மறுநாளே வேறு கருவியில் திறந்தார்கள். மூலநிரல் திறந்திருந்ததால் பல்சர் என்ற பெயரில் சிலர் அதைத் தொடரவும் செய்கிறார்கள். அன்றாட வாழ்விலும் இதைக் கண்டோம். பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் படிக்கத் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது, தாம் படித்த தளங்களின் பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைத்தவர்கள் வேறு செயலியில் தொடர்ந்து படித்தார்கள். ஆகவே கருவி யாருடையது என்பதைவிடக் கோப்பு எந்த வடிவில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். பூ வியாபாரிகளுக்குப் பக்கம் செய்து தொழில் தொடங்கும் என் போன்றவருக்கு மாதச் சந்தாவும் சுமைதான். பென்பாட் என்று ஒன்று உண்டு. ஃபிக்மாவைப் போலவே உலாவியில் ஓடும், திறந்த மூலம், வேண்டுமானால் நம் சேவையகத்திலேயே நிறுவலாம். வளைகுடாவில் இருப்பவருக்கும் ஓர் இணைப்பு அனுப்பினால் போதும்.

குளச்சல் கரை:

பென்பாட்டை நம் வேகத்துக்குச் சோதித்துப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்கவில்லை. வாடிக்கையாளருடன் பேசி முடிக்கும்வரை ஃபிக்மாவை நான் விடப்போவதில்லை. ஆனால் வேலை முடிந்து ஒப்படைக்கும்போது படங்களைப் பல கருவிகளில் திறக்கக்கூடிய எஸ்விஜி வடிவிலும் பக்கத்தைப் பிடிஎஃப்பாகவும் உரையை யூனிகோடிலும் சேர்த்துக் கொடுப்பது நம் கடமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஆகும் நேரத்துக்குக் கூலி யார் தருவார்கள், விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவை மற்றவருக்கு எப்படிக் கொடுப்பது என்ற இரண்டுக்கும் பதில் வேண்டும்.

வேளிமலை:

கூலியை மதிப்பீட்டுத் தாளிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள், தம்பி. இன்ன கோப்புகள் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் மறுக்கமாட்டார். எழுத்துருவுக்கு முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய மூன்றையும் பாருங்கள். திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை என்பதால், கோப்புடன் சேர்த்துக் கொடுப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.