மேமோகிராமில் கால்சியம் புள்ளிகள், 'பைராட்ஸ் 4ஏ': பயாப்ஸி அவசியமா?

நெய்தல்:
அக்காவுக்கு வயது 47. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) வலது மார்பின் மேல் வெளிப்பக்கம் கூட்டமாக, உருவம் தெளிவில்லாத நுண் கால்சியம் புள்ளிகள், பைராட்ஸ் (புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் தர எண்) 4ஏ என்று ரிப்போர்ட். கட்டி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. ஸ்கேனும் நார்மல். அப்படியும் பயாப்ஸி வேண்டுமா? கால்சியம் மாத்திரையை நிறுத்தணுமா?

கதிர்ப்படம்:
மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தொடரட்டும்.

ஸ்கேன் நார்மல் என்பதை வைத்து விட்டுவிடாதீர்கள். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் காட்டாது; அவற்றைக் காட்டுவது மேமோகிராம்தான். 4ஏ என்றால் புற்றுநோய் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல், 10 சதவீதம் வரை. பெரும்பாலோருக்கு ஒன்றுமிருக்காது. ஆனால் பால் நாளத்துக்குள்ளேயே நிற்கும் ஆரம்பநிலைப் புற்று (டி.சி.ஐ.எஸ்.) பல சமயம் கட்டியே இல்லாமல் இந்தப் புள்ளிகளாக மட்டும்தான் தெரியும்.

நெய்தல்:
அம்மாவுக்கும் கால்சியம் இருந்தது, '2' போட்டு அனுப்பிவிட்டார்களே?

கதிர்ப்படம்:
வடிவம் வேறாக இருந்திருக்கும். பழைய ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத கட்டி) சோளப்பொரி மாதிரி தடித்துத் தெரியும். ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தால் தண்டவாளம் போல இரட்டைக் கோடு. சிறு நீர்ப்பைகளில் தங்கும் கால்சியம் பக்கவாட்டுப் படத்தில் கிண்ணத்தின் அடியில் தேங்கிய மாதிரி பிறை வடிவில் இருக்கும். இவற்றுக்கெல்லாம் பைராட்ஸ் 2, அதாவது தீங்கற்றது என்ற தரம்தான். கவலை தருவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத உருவில் இருக்கும் நுண்துகள்களும், நாளத்தின் போக்கிலேயே கிளைவிட்டு ஓடும் மெல்லிய கோடுகளும். உருவம் தெளிவில்லாதவை நடுவில் நிற்பவை. பயாப்ஸி எடுத்துப் பார்த்தால்தான் சந்தேகம் தீரும்.

உருப்பெருக்கிப் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள். பழைய மேமோகிராம் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். அக்குளில் பவுடர், டியோடரண்ட் போட்டுக்கொண்டு போகக் கூடாது, அதுவும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும்.

நுண்ணோக்கி:
ஒரு சேர்க்கை. மெல்லிய ஊசியால் செல்லை மட்டும் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. இதற்குப் போதாது, புற்று இருந்தாலும் நாளத்துக்குள் நிற்கிறதா, வெளியே பரவியதா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. கேட்க வேண்டியது ஸ்டீரியோடாக்டிக் வாக்குவம் பயாப்ஸி. மேமோகிராம் போலவே மார்பை அழுத்திப் பிடித்து, இரண்டு கோணப் படங்களில் இடத்தைக் கணக்கிட்டு, மரப்பு ஊசி போட்டு, பெரும்பாலும் 9 கேஜ் என்ற சற்றுத் தடித்த ஊசியால் பல துண்டுகள் எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

எடுத்த துண்டுகளை அங்கேயே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். துண்டில் கால்சியம் வரவில்லை என்றால், 'புற்று இல்லை' என்ற ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை, குறி தப்பியிருக்கிறது. எக்ஸ்ரேயில் இருந்தும் நோய்க்கூறு ரிப்போர்ட்டில் கால்சியம் காணோமென்றால் கால்சியம் ஆக்சலேட் என்ற வகையாக இருக்கலாம். அது நுண்ணோக்கியின் சாதாரண ஒளியில் எளிதில் தப்பிவிடும், துருவ ஒளியில் (ஒரே திசையில் அதிரும் ஒளி) பார்த்தால் பளிச்சென்று தெரியும். துண்டின் எக்ஸ்ரேயையும் லேபுக்குச் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.