ஹட்டன்ல பைனான்ஸ் கம்பனி ட்ரெய்னி வேல, போகலாமா?

ஏஎல் (உயர்தரம்) காமர்ஸ் முடிச்சிட்டு வீட்ல இருக்கேன், தலவாக்கலை பக்கம் தோட்டம். ஹட்டன் டவுன்ல ஒரு பைனான்ஸ் கம்பனில ஒரு வருச ட்ரெய்னியா வர சொல்லி கோல் பண்ணாங்க, அலவன்ஸ் பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் தான் சரியா இருக்கும். அப்பா கொழும்புக்கு போயி சீஏ (பட்டயக் கணக்காளர்) படின்னு சொல்றாரு, போடிங் சல்லிய நெனச்சாலே பயமா இருக்கு. சிங்களம் பேசுவேன், எழுத தடுமாறும். கவுண்டர் கேஷ்ல சல்லி கொறஞ்சா நம்ம கையால போடணுமாமே, உண்மையா? செஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

பண்டாரவளை அக்கா:
தங்கச்சி போங்க. நான் ரெண்டு வருசம் ட்ரெய்னியா இருந்தேன், மொத ஆறு மாசம் அடகு கவுண்டர்ல தான். உரைகல்லுல உரசி பாக்குறது, கல்லு வச்ச தோடுன்னா கல்லோட எடைய கழிக்கிறது, 8 கிராம் ஒரு பவுன்னு கணக்கு போட்டு தங்கத்தோட வெலைய விட கொறச்சு தான் கடன் குடுக்கணும்ங்கிறது எல்லாம் அங்க நின்னு தான் படிச்சேன், ஏஎல் புத்தகத்துல இது ஒண்ணும் இல்ல.

ஆனா எனக்கு மறக்காதது ஒரு ஆச்சி. பேரப்புள்ளைக்கு ஸ்கூல் சாமான் வாங்க காதுத் தோட கழட்டி அடகு வச்சாங்க, கைநாட்டு வச்சிட்டு அடகு துண்ட மடிச்சு சேலையில முடிஞ்சிட்டு கெளம்பிட்டாங்க. அந்த துண்டு முழுக்க சிங்களமும் இங்கிலிசும், எந்த தேதிக்குள்ள மீட்கலன்னா ஏலத்துக்கு போகும்னு அவங்களுக்கு யாருமே சொல்லல. நான் பின்னால ஓடி போயி, துண்டுக்கு பின்பக்கம் தேதிய தமிழ்ல எழுதி, வட்டிய மட்டுமாவது கட்டி புதுப்பிக்கலாம்னு சொல்லி அனுப்பினேன். கவுண்டர விட்டு போனதுக்கு ஏச்சு விழுந்துச்சு தான். ஆனா அடுத்த மாசத்துல இருந்து அந்த தோட்டத்து ஆளுங்க வந்தா “அந்த தமிழ் புள்ள எங்க”ன்னு கேட்டு நிப்பாங்க, பெறகு மெனேஜரே என்னைய கூப்பிட்டு விடுவாரு. சிங்களம் எழுத மூணு மாசத்துல வந்துரும், போர்ம்ல அதே பத்து பதினஞ்சு சொல்லு தான் திரும்ப திரும்ப வரும்.

மஸ்கெலியா தம்பி:
அக்கா சொல்றது சரி, ஆனா வேல லெட்டர் கைக்கு வராம போகாதீங்க. எனக்கு நடந்தத சொல்றேன், ஒரு வருசம் வெறும் போட்டோகொப்பி எடுக்கவும் பைல் அடுக்கவும் விட்டாங்க, இபிஎப்பும் (ஊழியர் சேமலாப நிதி) கட்டல. ட்ரெய்னின்னாலும் மொத நாள்ல இருந்தே இபிஎப் உண்டு, சம்பளத்துல நம்ம பக்கம் 8 வீதம் கம்பனி 12 வீதம், இடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் அவங்க தனியா கட்டணும். எந்தெந்த செக்‌ஷன்ல எத்தன மாசம்னு கேட்டு எழுதி வாங்குங்க, லீசிங் (தவணைக்கு வாகனம் குடுக்குறது) பைல் பாக்க விட சொல்லுங்க கட்டாயமா. கிரிப் ரிப்போட் (ஒருத்தரோட கடன் விவரம் எல்லாம் இருக்கிற அறிக்கை) வாசிக்க படிச்ச பெறகு தான் எனக்கே வெளங்கிச்சு, எங்க மாமா எப்பவோ ஒருத்தரோட த்ரீவீலுக்கு பிணை கையெழுத்து போட்டிருக்காரு, அவரு தவணை கட்டாததும் மாமா பேருலயே வந்து நிக்குது, லயத்துல எத்தன பேரு இப்பிடி தெரியாம போட்டிருக்காங்களோ. அப்புறம் ரிகவரிக்கு, அதாவது கட்டாத கடன வசூலிக்க, தனியா தோட்டத்துக்கு அனுப்புனா முடியாதுன்னு சொல்லிருங்க.

கேட்டவ:
ரொம்ப நன்றி. இந்த ட்ரெய்னி வருசம் சீஏ ட்ரெய்னிங் கணக்குல சேருமா? கேஷ் பத்தி யாரும் சொல்லலயே.

பண்டாரவளை அக்கா:
சீஏ ட்ரெய்னிங் 3 வருசம், சீஏ நிறுவனம் அங்கீகரிச்ச எடத்துல செஞ்சா தான் கணக்கு, அதனால சேர முந்தியே இந்த கம்பனி அதுல இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா வேல செஞ்சிகிட்டே ஏஏடி (கணக்கியல் கோர்ஸ்) படிக்கலாம், நான் அப்பிடி தான் முடிச்சேன்.

கேஷ், எங்க எடத்துல கொறஞ்சா டெலர் (கவுண்டர்ல சல்லி வாங்கி குடுக்குறவங்க) தான் போடணும், எனக்கு ஒரு தடவ 5000 கொறஞ்சு அழுதுட்டேன். அதுக்கப்பறம் ஒரு பழக்கம் வச்சேன். ஆளு முன்னாலயே எண்ணி, 5000 எத்தன 1000 எத்தன 500 எத்தனன்னு ஸ்லிப்புக்கு பின்னால எழுதிட்டு தான் ட்ராயர்ல போடுவேன், ஒருத்தரோட சல்லி உள்ள போகாம அடுத்தவர் சல்லிய தொட மாட்டேன். லைன் எவ்வளவு நீளமா இருந்தாலும், யாரு சத்தம் போட்டாலும். அதுக்கப்பறம் கொறஞ்சதே இல்ல.