சிஸ்பிளாட்டின் எலி ஆய்வில் உதவி வேண்டும்

வணக்கம். கோவையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து விந்தகத்தில் உண்டாக்கும் சேதத்தை மஞ்சளிலுள்ள கர்குமின் குறைக்குமா என்று ஆண் விஸ்டார் எலிகளில் (ஒருவகை ஆய்வக எலி) பார்க்கிறேன். மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சிஸ்பிளாட்டின் ஒரே ஊசி, வயிற்றறைக்குள், கிலோவுக்கு 7 மி.கி. கர்குமின் 100 மி.கி., எண்ணெயில் கலந்து வாய்வழியாக, ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும். 7ஆம் நாள், கர்குமினும் பெற்ற குழுவின் விந்தகத்தில் மலோன்டைஆல்டிஹைடு (செல் சேதத்தைக் காட்டும் பொருள்) குறைந்து, குளூட்டாதயோன் (செல்லைக் காக்கும் பொருள்) கூடியிருந்தது. ஆனால் விந்தணு எண்ணிக்கையில் எந்தக் குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. வேறொருவரை வைத்தும் எண்ணிப் பார்த்தேன், கர்குமினை 200 ஆக்கியும் பார்த்தேன். அதேதான்.

எலிக்கு விந்தணு உருவாகவே 50 நாளுக்கு மேல் ஆகும். 7ஆம் நாள் எண்ணியது ஊசிக்கு முன்பே உருவானவை. சரி, எட்டு வாரம் விட்டுப் பார்ப்போம் என்று தொடங்கினால், 5ஆம் நாளே கீமோ குழுவில் ஆறில் மூன்று சிறுநீரகம் பழுதாகி இறந்துவிட்டன. முன்கூட்டி உப்புநீர் செலுத்தியும் பயனில்லை. இன்னும் உயிர்களை வீணாக்க மனம் வரவில்லை.

எலி எட்டு வாரம் தாங்கவும் வேண்டும், விந்தணுக் குறைவு தெளிவாகத் தெரியவும் வேண்டும். இதுபோல் ஆய்வு செய்தவர்கள், அதற்கு சிஸ்பிளாட்டினை எந்த அளவில், எத்தனை தவணையாகக் கொடுத்தீர்கள்?