ஆற்றில் பச்சைப்பாசி: குடும்பக் குழுவில் பேசியது

கலா சித்தி: படம் பாருங்கள். ஆறு முழுக்கப் பச்சையாகக் கிடக்கிறது, கரையோரம் மீன்கள் செத்து மிதக்கின்றன. யாராவது விஷம் கலந்துவிட்டார்களா?

சுந்தர் மாமா: மேலே ஏதாவது ஆலைக் கழிவாக இருக்கும்.

மீனா: மேலே ஆலையே இல்லையே மாமா, வயல்கள்தான். சித்தி, எப்போது பார்த்தீர்கள்?

கலா சித்தி: விடிந்தும் விடியாத நேரம்.

மீனா: அப்படியானால் முதலில் பாசியைத்தான் சந்தேகப்பட வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவே தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். செத்த பாசியை மட்கச் செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்து எடுக்கும். அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும், மீன் மூச்சுத்திணறிச் சாகும். விஷம் இல்லை என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது, தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

பெரியப்பா: பாசி எப்போதும் இருப்பதுதானே. இப்படி மண்டுவது ஏன்?

மீனா: தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஆற்றில் கூடிவிட்டன பெரியப்பா. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போய்விடும். மணிச்சத்து மண் துகளில் ஒட்டிக்கொள்ளும், மண் அரித்துப் போகும்போது கூடவே போகும்.

பெரியப்பா: எதற்கெடுத்தாலும் விவசாயி தலையில்தான் பழி. உரம் போடாமல் விளையுமா?

மீனா: போட வேண்டாம் என்று யார் சொன்னது? உலக அளவில் பார்த்தால், வயலில் போடும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதிதான் பயிருக்குப் போய்ச் சேர்கிறது. மீதியில் பெரும்பங்கு தண்ணீரிலும் காற்றிலும் போகிறது. அது உங்கள் காசு பெரியப்பா.

சுந்தர் மாமா: வீட்டுச் சாக்கடையும் ஆற்றில்தானே விழுகிறது? மாட்டுக் கொட்டகைக் கழிவும்?

மீனா: ஆமாம் மாமா, அவற்றிலும் இதே சத்துகள்தான். சாணம் இயற்கையானது என்பதற்காகப் பாசி அதை விட்டுவிடாது.

பிரபு: 1973இல் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஏரியின் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம்தான் பச்சையானது.

கலா சித்தி: அதெல்லாம் இருக்கட்டும். தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்தலாமா? மாட்டுக்குக் காட்டலாமா?

மீனா: இரண்டுமே வேண்டாம் சித்தி, இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். நீலப்பச்சைப்பாசியில் சில வகை நஞ்சு சுரக்கும், காய்ச்சினால் அது போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஏரிப்பாசி நஞ்சு குடிநீரில் வந்துவிட்டது. காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்று 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிவித்தார்கள்.

இன்னொன்று. கைக்குழந்தைக்குக் கிணற்று நீரில் பால் மாவு கரைக்கிறவர்கள் நைட்ரேட் அளவைச் சோதித்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதிகமானால் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், நைட்ரேட் அப்படியே நின்று இன்னும் செறிவாகும்.

பெரியப்பா: சரிம்மா, என்ன செய்யலாம் என்று சொல்.

மீனா: பெருமழை வரும் என்று தெரிந்தால் மேலுரம் வீசாதீர்கள். ஒரேயடியாகப் போடாமல் பயிர் கேட்கிற பருவத்தில் பிரித்துப் போடுங்கள். மண் பரிசோதனையில் மணிச்சத்து போதுமென்று வந்தால் அந்த உரத்தை வாங்கவே வேண்டாம். அப்புறம், ஆற்றை ஒட்டிச் சில மீட்டர் உழாமல் புல்லும் மரமும் வளர விடுங்கள்.

பெரியப்பா: கரையோர நிலம்தான் நல்ல மண். அதை விடச் சொல்கிறாயே.

மீனா: அது பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மணிச்சத்தைச் சுமந்து வரும் மண்ணைப் புல் நன்றாகப் பிடித்து நிறுத்தும். நிலத்தடியில் வரும் நைட்ரேட்டை அது எவ்வளவு தடுக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஏற்கெனவே கீழே இறங்கியது ஆற்றுக்கு வந்து தீரவும் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த வருடமே ஆறு தெளியும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பெரியப்பா: இந்த முறை மேலுரத்தை மழை ஓய்ந்த பிறகு போடுகிறேன். கரையோரத்தை விடுவது பற்றிப் பக்கத்து வயல்காரர்களிடமும் பேச வேண்டும். நீயும் வா, உன்னைப் போல எனக்குச் சொல்ல வராது.

மீனா: கட்டாயம் வருகிறேன் பெரியப்பா. மாமா, அதற்குள் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சுந்தர் மாமா: இன்றைக்கே கொடுக்கிறேன். கிணற்று நீரும் ஒரு பாட்டில் எடுக்கிறேன்.